முழங்கால் நீரும் முகத்துவாரமும்

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை, ஊரை நீங்கிய சிறிது தூரத்துக்கெல்லாம் பழவேற்காட்டு ஏரிக்குள் புகுந்துவிடுகிறது. இரு மருங்கும் நீர். மார்கழி, தை மாதங்களில் அவ்வழியே போகிறவர்கள் பூநாரைக் கூட்டங்களைக் கண்டு வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. கரையிலிருந்து வெகு தூரத்தில், ஏரியின் நட்ட நடுவிலே, அவை காலூன்றி நின்றுகொண்டிருக்கும். அவற்றின் கால்கள் நெடியவைதாம்; ஆயினும் நடு ஏரியில் ஒரு பறவை நிற்கிறதென்றால் அங்கே ஆழம் எவ்வளவு இருக்கும் என்பதை நம் வீட்டுக் குழந்தைகளே கணக்கிட்டுவிடும். கோடையிலோ அந்த நீரும் பல இடங்களில் வற்றி, பாளம் பாளமாய் வெடித்த சேற்று நிலத்தைத்தான் காண்கிறோம். இத்தகைய ஏரியைப் பார்த்து யாருக்குத்தான் அச்சம் தோன்றும்?

சென்ற ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் என் தமக்கையும் அவள் கணவரும் குழந்தைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஏரியில் படகேற வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் செய்ததால் எல்லோருமாகப் புறப்பட்டோம். கரையில் ஓரிடத்தில் ஒரு படகுக்காரர் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பத்துப் பேர் உட்காரக்கூடிய படகு. எண்ணிப் பார்த்தேன், நாங்கள் ஏறினால் பதினெட்டு. மிதவைச் சட்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான் தயங்கி நின்றதைக் கண்டு அத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன மாப்பிள்ளை, முழங்கால் தண்ணீருக்குப் போய் இவ்வளவு யோசனையா? கவிழ்ந்தால் எழுந்து நின்றுகொண்டால் போயிற்று!"

"நீங்கள் நின்றுகொள்வீர்கள், அத்தான். சின்னவள் நிற்பாளா?" என்றேன்.

படகு எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. பத்திரமாகத் திரும்பியும் வந்தது. இதை ஒளிப்பானேன்? அந்தப் பதினொரு பேரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். குழந்தைகள் என்னோடு பேச மறுத்துவிட்டன. என் தமக்கைக்கும் முகம் சிறுத்துவிட்டது. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, 2011-ஆம் ஆண்டில் இதே ஏரியில் நடந்ததை அத்தானுக்குச் சொன்னேன். அவர் அதை அறிந்திருக்கவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களிலும், அதன் பிறகு இங்கே மாற்றலாகி வந்தவர்கள் அநேகர் அறியமாட்டார்கள் என்று தோன்றியதால், அன்று சொன்னவற்றையும், அதற்குப் பின் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். துடுப்புப் பிடித்தவன் அல்லன். குற்றம் குறை இருந்தால் கடலறிந்தவர்கள் பொறுத்தருள்க.

2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறை நாள். கும்மிடிப்பூண்டிப் பகுதியிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினரும் நண்பருமாய்ச் சேர்ந்து உல்லாசமாகப் பொழுது போக்க வந்த ஒரு கூட்டம், ஏரியின் தென்கோடியிலுள்ள பழவேற்காட்டில் ஒரு படகில் ஏறிற்று. பெண்களும் குழந்தைகளும் அதில் பலர். மொத்தம் 25 பேர். ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரப் பக்கத்தில் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தனர். ஒருவரிடமும் மிதவைச் சட்டை இல்லை. காலையில் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு புறப்பட்ட குடும்பங்களில், மாலையில் விளக்கேற்ற ஆள் இல்லாமற் போன வீடுகளும் உண்டு. அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை இருக்கும்போதே களவாகப் படகு விடுவதும், பிடிபட்டால் சில நாள் நிறுத்துவதும் நாம் அறியாதவை அல்ல.

பூநாரை நிற்கிற ஏரியில் இத்தனை பேர் எப்படி மாண்டார்கள் என்பதுதான் அத்தான் கேட்ட கேள்வி. விடை முகத்துவாரத்தில் இருக்கிறது.

பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்தபடி பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நம் ஊர்ச் செங்காளம்மன் கோயிலருகே ஓடுகிற காளங்கி ஆறும், தெற்கே ஆரணி ஆறும், வடக்கே சுவர்ணமுகியின் கிளைநீரும் இதில் வந்து விழுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் இத்தனை நீரும் கடலுக்குப் போக வேண்டுமானால், மணல்மேட்டுக்கு இடையேயுள்ள குறுகிய வாயில் வழியாகத்தான் போக வேண்டும். அகன்ற ஏரி முழுவதும் ஒரு சந்தில் நுழைந்து வெளியேறுவதாக எண்ணிப் பாருங்கள். அங்கே நீர் மணலை அரித்துப் பள்ளம் பறித்துவிடுகிறது. இன்றைக்கு இருக்கும் பள்ளம் அடுத்த மாதம் அதே இடத்தில் இராது. கடல் வற்றம் காணும் வேளையில் ஏரி நீர் வேகமாக வெளியே பாய்கிறது. கடலலையோ எதிரே உள்ளே வருகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் அலை செங்குத்தாய் எழும்பி உடைகிறது. கரையில் நின்று பார்க்கிறவனுக்கு வெள்ளை நுரை மட்டுமே தெரியும். பாரம் ஏற்றிய படகுக்கு அது சுவர்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிபம் நடத்திய காலத்தில், அவர்களுடைய பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்குள் வருவதில்லை. வெளியே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் சிறு படகுகளிலேயே போய் வர வேண்டும். சென்னையிலும் துறைமுகம் ஏற்படுவதற்கு முன்பு அதே நிலைதான். அலை உடையும் இடத்தைக் கடப்பதற்கு மசூலாப் படகு என்று ஒன்று இருந்தது. அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலையடித்தால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். இதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. பயணிகள் ஏறிய மசூலாப் படகின் பக்கத்திலேயே கட்டுமரக்காரர்களும் கூட வருவார்கள். படகு கவிழ்ந்தால் நீரில் விழுந்தவர்களைத் தூக்குவதே அவர்களுடைய வேலை. அவ்வாறு உயிர் காத்த கட்டுமரக்காரர்களுக்கு அக்காலத்தில் பதக்கம் அளித்தார்கள். கவிழாது என்று நம்பிப் போனவர்கள் அல்லர் அவர்கள். கவிழும் என்று எண்ணி, அதற்கு ஆள் வைத்துக்கொண்டு போனவர்கள். இருநூறு ஆண்டுக்கு முன்னே நம் கரையில் இருந்த இந்த ஏற்பாடு, இன்று விடுமுறைப் படகுகளில் எங்கே போயிற்று?

படகு கவிழ்வதற்குப் புயல் வர வேண்டுமென்பதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் பெரியாறு ஏரியின் அமைதியான நீரிலே இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தோன்றிய காட்டு விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாய் நெருங்கினார்கள் என்று அப்போது சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் கவிழ்ந்தது, மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு இருட்டும் வேளையில் போயிருந்தது. அங்கேயும் இறந்தவர்கள் 22 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குழந்தைகள். நம் ஆந்திரத்திலேயே 2019 செப்டம்பர் 15 அன்று, கோதாவரி பெருக்கெடுத்து ஓடும்போது பாப்பிகொண்டலுவுக்குப் புறப்பட்ட படகு கச்சுலூரு அருகே கவிழ்ந்து, ஐம்பது பேர் அளவில் மாண்டார்கள். பிழைத்த 26 பேரைத் தங்கள் சிறு படகுகளில் ஓடிவந்து எடுத்தவர்கள் அந்தக் கிராமத்து மக்களே.

இவற்றுக்கெல்லாம் பொதுவாயுள்ள காரணத்தைக் கூஜாவை வைத்தே விளக்கிவிடலாம். கூஜாவின் அடியில் பாரம் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். தலைப்பக்கம் கனத்தால் சாயும். உட்கார்ந்திருக்கிற பத்துப் பேர் படகுக்கு அடிப்பாரம். எழுந்து நிற்கிற பத்துப் பேர் தலைப்பாரம். அலை ஒன்று பக்கவாட்டில் அடிக்கிறது; படகு ஆடுகிறது; அஞ்சியவர்கள் எழுந்து மறுபக்கம் பாய்கிறார்கள். கவிழ்த்தது பெரும்பாலும் அந்த முதல் அலை அல்ல, அந்தப் பாய்ச்சல்தான். ஆகவே, படகு ஆடினால் இருந்த இடத்திலேயே குனிந்து தளத்தில் உட்கார வேண்டும். புகைப்படம் எடுக்க எழுந்து நிற்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இக்காலத்தில் காட்டு விலங்கைவிடக் கைப்பேசியே படகை அதிகமாய்ச் சாய்க்கிறது என்பது என் எண்ணம்.

கவிழ்ந்துவிட்டால்? மரப் படகு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மூழ்காது. வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அதைப் பற்றிக்கொண்டு கிடப்பவர்கள் பிழைக்கிறார்கள். கரை பக்கத்தில்தானே தெரிகிறது என்று நீந்தப் புறப்படுகிறவர்கள் பலர் பாதியில் சோர்ந்துவிடுகிறார்கள். நீரின் மேலிருந்து பார்க்கும்போது கரை எப்போதும் உண்மையைவிட அருகில் இருப்பதாகத் தோன்றும். மேலும் புடவை காலைச் சுற்றும், வேட்டி நனைந்தால் கனக்கும். நீந்தத் தெரிந்த பெண்ணும் புடவையோடு விழுந்தால் தத்தளிப்பாள். மிதவைச் சட்டை ஒன்றே இதற்கு மருந்து; அதையும் படகில் ஏறுமுன் கரையிலேயே வார் இறுக்கி அணிய வேண்டும். இருக்கைக்கு அடியில் அடுக்கிவைத்த சட்டை, பூட்டிய பெட்டியிலுள்ள பணம் போன்றது. வேண்டும்போது சாவி கிடைக்காது.

நீரில் தத்தளிப்பவனைக் கண்டு கரையில் நிற்பவர்கள் குதிப்பது மற்றோர் ஆபத்து. ஒருவன் முழுக, அவனை எடுக்கப் போன அண்ணனும் தகப்பனும் முழுகிய செய்தியை எத்தனை முறை பத்திரிகையில் படித்திருக்கிறோம்! முழுகுகிறவன் கையில் எது அகப்பட்டாலும் அதன்மேல் ஏறவே பார்ப்பான். அது அண்ணன் தலையாக இருந்தாலும் சரி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். குளிக்க வந்த இளைஞர்கள் நால்வர் ஆழத்தில் சிக்கிக்கொண்டார்கள். துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள், தாங்கள் உடுத்தியிருந்த புடவையை அவிழ்த்து நீரில் வீசினார்கள். இருவர் அதைப் பற்றிக் கரையேறினார்கள். மற்ற இருவரை எட்ட முடியவில்லை. அவ்வாண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அந்த மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது அளித்துப் பாராட்டிற்று. காலைச் சுற்றி அமிழ்த்தும் என்று சற்று முன் சொன்ன அதே புடவைதான்! கரையில் நிற்பவன் எறிய வேண்டியது கயிறு, துணி, மூங்கில், காற்றடைத்த சைக்கிள் ட்யூப், மூடிய வெற்றுக் குடம் முதலியவற்றை, தன்னையல்ல.

இதுவரை சொன்னது கரை தெரிகிற நீரைப் பற்றியது. கரையே தெரியாத கடலில் வழி தவறிப் போகிறவர்கள் நிலை வேறு. நம்மில் பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. ஆயினும் நாம் உண்ணும் மீன் அவ்வளவு தூரம் போனவர்கள் கொண்டுவந்தது.

2020 ஜூலையில் சென்னைக் காசிமேட்டிலிருந்து பத்து மீனவர்கள் ஒரு விசைப்படகில் புறப்பட்டார்கள். திரும்ப வேண்டிய நாள் கடந்தும் படகு வரவில்லை. இயந்திரம் பழுதுபட்டு, காற்றும் நீரோட்டமும் கொண்டுபோன திசையில் படகு மிதந்துகொண்டிருந்தது. ஏழு வாரத்துக்கு மேலாயிற்று. வீட்டார் எந்த நம்பிக்கையில் அத்தனை நாளைக் கழித்தார்களோ! செப்டம்பரில் அவர்கள் மியான்மர் கரைப் பக்கம் இருப்பதாகச் செய்தி வந்தது. வங்கக் கடலையே குறுக்காகக் கடந்துவிட்டார்கள். ஆயினும் ஊர் திரும்பியவர்கள் ஒன்பது பேரே.

அதற்கு முந்திய ஆண்டு, 2019 செப்டம்பர் இறுதியில், அந்தமான் தீவுகளிலிருந்து படகில் புறப்பட்ட இருவர் புயற்காற்றில் அகப்பட்டார்கள். ஒருவர் வழியிலேயே உயிர் நீத்தார். மற்றவர் 28 நாள் மிதந்து ஒடிசாவின் புரி மாவட்டக் கரையில் ஒதுங்கினார். மழைநீரே அவரைக் காப்பாற்றியது.

ஒரே கடல். காசிமேட்டுப் படகு கிழக்கே போயிற்று; அந்தமான் படகு மேற்கே வந்தது. காரணம் மாதம். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிறது; கட்டற்ற படகு வடகிழக்காக, மியான்மர் பக்கம் தள்ளப்படும். ஐப்பசி பிறந்தபின் காற்று திரும்பிவிடுகிறது. நம் கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கி ஓடத் தொடங்குகிறது. தேடப் போகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கே தேடுவதென்று தீர்மானிக்கிறார்கள். அதற்கு அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியவை, படகு எங்கிருந்து, எந்த நாளில், எந்தப் பக்கமாகப் போயிற்று என்பவை. இதற்குப் பிறகு வருகிறேன்.

கடலில் அலைகிறவனைக் கொல்வது பெரும்பாலும் பசியல்ல, தாகம். சுற்றிலும் நீர், குடித்தால் சாவு விரைந்து வரும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் 20 கிராம் அளவுக்குமேல் உப்பை வெளியேற்றுவது கடினம். ஆகவே ஒரு லிட்டர் கடல் நீரின் உப்பைக் கழிக்க, உடம்பு தன்னிடமுள்ள நல்ல நீரிலிருந்தும் கணிசமாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். பத்து ரூபாய் கடன் வாங்கிப் பதினேழு ரூபாய் வட்டி கட்டுவதைப் போன்றது இது. கடல் நீரைக் குடித்தவன் சித்தம் கலங்கி, எதிரே கரை தெரிவதாகச் சொல்லிக் குதித்துவிடுவதும் உண்டு. மற்றொன்று, குடிநீர் இல்லாதபோது வயிறு நிறைய உண்பதும் கேடு. மீனோ இறைச்சியோ செரித்துக் கழிவதற்கு நீர் வேண்டும். நாளொன்றுக்கு அரை லிட்டர் நல்ல நீர் கிடைத்தால், நிழலில் அசையாமல் கிடக்கிற மனிதன் பல நாள் தாங்குவான். வெயிலில் துடுப்புப் போட்டு வியர்வை சிந்தினால் தாங்கமாட்டான். பகலில் துணியை நனைத்து மேலே போர்த்திக்கொண்டு படுப்பதும், மழை பெய்தால் பாய், தார்ப்பாய், துண்டு எதுவாயினும் விரித்து ஏந்துவதும் பிழைத்தவர்கள் எல்லோரும் செய்தவை.

இவ்வகையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் பூன் லிம் என்ற சீனர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் 'பென் லோமண்ட்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலில் பரிசாரகராக வேலை செய்தார். 1942 நவம்பர் 23 அன்று அட்லாண்டிக் சமுத்திரத்தில் அந்தக் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கிற்று. அவர் ஒருவரே பிழைத்தார். அவருக்கு நீச்சல் அவ்வளவாகத் தெரியாது! மிதவைச் சட்டையின் உதவியால் நீரில் கிடந்து, ஒரு மரத்தெப்பத்தைக் கண்டு அதில் ஏறினார். தெப்பத்தில் சில டின் பிஸ்கட்டும் கொஞ்சம் குடிநீரும் இருந்தன. அலை தம்மைத் தள்ளிவிட்டால் தெப்பம் தனியே போய்விடுமென்று, ஒரு கயிற்றின் ஒரு முனையைத் தெப்பத்திலும் மறுமுனையைத் தம் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டார். கான்வாஸ் துணியில் மழைநீர் பிடித்தார். டார்ச் விளக்கின் சுருள்கம்பியை வளைத்துத் தூண்டில் முள் செய்து மீன் பிடித்தார். 133 நாள் கழித்து, 1943 ஏப்ரல் 5 அன்று, பிரேசில் நாட்டு மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தபோது, பிறர் துணையின்றி நடக்கும் நிலையில் இருந்தாராம். வீரன் என்றால் திரண்ட தோளும் நீச்சல் திறமும் என்று நாம் கற்பனை செய்கிறோம். இவரோ, ஹோட்டலில் நமக்கு இலை போடுகிறவரைப் போன்ற ஒரு மனிதர். தமக்கு நீந்தத் தெரியாது என்பதை அவர் மறக்கவில்லை. அதனால்தான் கயிறு கட்டிக்கொண்டார்.

இவரைவிட நீண்ட நாள் மிதந்தவர் உண்டு. 2012 நவம்பரில் மெக்சிகோவிலிருந்து மீன்பிடிக்கப் புறப்பட்டு, பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து, 2014 ஜனவரி இறுதியில் மார்ஷல் தீவுகளில் கரை சேர்ந்த அல்வரெங்கா என்பவர் 438 நாள் கடலில் இருந்தார். கூடச் சென்ற இளைஞர் நடுவழியில் இறந்துபோனார். பறவையும் ஆமையும் மழைநீரும் கொண்டு உயிர் தரித்ததாகச் சொன்னதைப் பலர் முதலில் நம்பவில்லை. படகு ஒதுங்கிய இடத்தையும் கடலோட்டத்தையும் ஆராய்ந்தவர்கள் அது நடக்கக்கூடியதே என்றார்கள்.

இனி, சற்று முன் நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். எங்கள் ரயில்வேயில் 'லைன் கிளியர்' என்று ஒரு முறை உண்டு. ஒரு நிலையத்திலிருந்து வண்டி புறப்பட வேண்டுமானால், அடுத்த நிலையத்தில் இருப்பவர் அதை ஏற்றுக்கொள்ளச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். புறப்பட்ட நேரம் பதிவாகும்; சேர்ந்த நேரமும் பதிவாகும். தடாவுக்கு வர வேண்டிய வண்டி வரவில்லையென்றால், யாரும் கேட்காமலே சூளூர்பேட்டையில் அது தெரிந்துவிடும். இரண்டு நிலையத்துக்கு நடுவே ஒரு வண்டி இருக்கிறது என்பதை யாராவது ஒருவர் எப்போதும் அறிந்திருக்கிறார். ஆயிரம் பேர் பிரயாணம் செய்யும் வண்டிக்கு உள்ள இந்த மரியாதை, பதினெட்டுப் பேர் ஏறிய படகுக்கு இல்லை. அது போனதையும் யாரும் எழுதுவதில்லை. வராததையும் யாரும் கவனிப்பதில்லை. இருட்டிய பிறகு வீட்டிலிருப்பவர்கள் கவலைப்பட்டுக் கேட்கத் தொடங்கும்போது பல மணி நேரம் கடந்துவிடுகிறது.

ஆழ்கடல் மீனவர்களுக்கு இக்குறையைத் தீர்க்க நம் பக்கத்து வீட்டுக்காரர்களே உழைத்திருக்கிறார்கள் என்பதை இங்குள்ள குடும்பங்கள் பெருமையோடு நினைக்கலாம். இஸ்ரோ நிறுவனம் உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010-ஆம் ஆண்டு முதல் மீனவர் படகுகளில் பயன்பட்டு வருகிறது. பொத்தானை அழுத்தினால், படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல் படைக்குத் தெரிவிக்கும். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அழுத்தியவனுக்குத் தெரியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் திடீரென உருவானபோது, கன்னியாகுமரி மாவட்டத்து தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் நெடுந்தூரம் போயிருந்தார்கள். கரையிலிருந்து எச்சரிக்கை எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் இருநூறுக்கு மேல். அதன் பிறகுதான் கரையிலிருந்து கடலுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடுகளில் அரசு தீவிரமாக முனைந்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, 'உன் செய்தி கிடைத்தது' என்று மீனவனுக்கே பதில் அனுப்புகிறது. இடத்தைக் கணிக்க அது நம்பியிருக்கும் 'நாவிக்' செயற்கைக்கோள்களில் முதலாவது, 2013 ஜூலை 1 இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. மொட்டைமாடியில் ஏறி நின்று அதைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். கும்மிருட்டில் நடுக்கடலில் கிடக்கிறவனுக்கு, எங்கோ ஒருவர் தன்னை அறிந்துகொண்டார் என்ற அந்த ஒரு வரிப் பதில் எவ்வளவு பெரிய தெம்பு!

நம்மைப்போல் விடுமுறைக்குப் படகேறுகிறவர்களுக்கு அத்தகைய கருவி வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும். கடலில் ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய கடலோரக் காவல் படையின் எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் காவல் துறையின் எண் 1093. இரண்டையும் கைப்பேசியில் குறித்துவைத்துக்கொள்வதற்கு அரை நிமிஷம் ஆகும்.

இவ்வாண்டு அத்தான் மறுபடியும் குடும்பத்தோடு வந்தார். அனுமதி பெற்ற ஒரு படகுத்துறைக்குப் போனோம். மிதவைச் சட்டை எல்லோருக்கும் இருந்தது. அத்தானுக்குக் கொடுத்த சட்டையின் வார் அவர் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. படகுக்காரர் வேறொன்று எடுத்து வரும்வரை என் தமக்கை சிரித்த சிரிப்பை ஏரி முழுவதும் கேட்டிருக்கும். சின்னவளின் சட்டையை அவரே குனிந்து இரண்டு முறை இறுக்கிப் பார்த்தார். ஏறுவதற்கு முன், நான் சொல்லாமலே, கரையிலிருந்த தேநீர்க் கடைக்காரரிடம் போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஒன்பது பெயர்கள், போகும் இடம், திரும்பும் நேரம் மாலை 5 மணி, வீட்டிலிருக்கும் என் தாயாரின் கைப்பேசி எண். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் அதை வாங்கிச் சர்க்கரை டப்பாவின் கீழ் வைத்தார்.

நாங்கள் திரும்பும்போது மணி நாலு ஐம்பது. கடைக்காரர் கரை ஓரமாக வந்து நின்று, கையில் தாளை வைத்துக்கொண்டு, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தார்.